வளர்ச்சியின் நெரிசலில் புதுச்சேரி: வீடு, மணல், நீர், மக்கள்

2014 நவம்பர் 29 அன்று, மழைக்கிடையே, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நின்ற மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. 1870-71இல் கட்டப்பட்டு, நகராட்சியின் இருப்பிடமாக விளங்கிய மாளிகை அது. அன்று புயல் ஏதும் அடிக்கவில்லை. நீண்ட காலப் பராமரிப்பின்மையும் சில நாள் மழையும் சேர்ந்து அதைச் சாய்த்தன. பின்னர் உலக வங்கி நிதியுதவியுடன் அதே இடத்தில் அதே தோற்றத்தில் புதுக் கட்டடம் எழுப்பப்பட்டு, 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

மேரி விழுந்த காலத்தில் புதுச்சேரிக்கு ஆண்டுதோறும் வந்துபோன சுற்றுலாப் பயணிகள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பழமையைப் பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள். அந்தப் பழமையோ அவர்கள் வரவர வேகமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது. கடலோரத்துப் பழைய நகரம் ஒன்று சுற்றுலாவால் பிழைக்கத் தொடங்கும்போது அதன் வீடுகளுக்கும் கடற்கரைக்கும் தண்ணீருக்கும் தெருக்களுக்கும் என்ன நேர்கிறது? புதுச்சேரியை முன்வைத்து இந்தக் கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரம் உருவான விதம்

புதுச்சேரியின் கடல்வணிகம் பிரெஞ்சுக்காரர்களுக்கு மிக மிக முந்தியது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வும், அதன்பின் கசால், விமலா பெக்லி ஆகியோர் செய்த ஆய்வுகளும் ரோமானிய உலகத்தோடு இந்தக் கரைக்கு இருந்த தொடர்பைக் காட்டின. மண்பாண்டங்களும் மணிகளும் சாயத்தொட்டிகளும் கிடைத்த இடம் அது. நெசவும் சாயமும் கடல்வழிச் சரக்குமாக வாழ்ந்த ஊர் இது என்பதற்கு அவையே சான்று.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1670களில் இங்கே காலூன்றியது. 1674 முதல் பிரான்சுவா மர்த்தேன் இந்த வணிகத்தலத்தை வளர்த்தார். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைக் கைப்பற்றி ஆறு ஆண்டுகள் வைத்திருந்தார்கள். பிரெஞ்சு நகரமைப்பு என்று இன்று நாம் வியக்கும் நேர்க்கோட்டுத் தெருக்களின் வரைவு அவர்கள் காலத்தில் தோன்றியது. நெசவாளர்களுக்கும் வணிகர்களுக்கும் தனித்தனித் தெருக்களை வகுத்த வரைவு அது. 1761இல் ஆங்கிலேயர் இந்த நகரைத் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகு பழைய தெருக்கோடுகளின் மேலேயே ஊர் மறுபடி எழுந்தது. அதனால் இன்று பார்க்கும் மாளிகைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த அழிவுக்குப் பிந்தியவை.

புல்வார் எனப்படும் நீள்வட்டச் சாலைக்குள் அடங்கிய பழைய நகரம் மிகச் சிறியது. வடக்குத் தெற்காக இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. நடுவே ஓடும் பெரிய வாய்க்கால் அதை இரண்டாகப் பிரித்தது. கிழக்கே கடலை ஒட்டி ஐரோப்பியர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. தமிழர் பகுதிக்குள் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், இஸ்லாமியர்கள் ஒவ்வொரு திசையில் வாழ்ந்தார்கள். வைசியாள் வீதி, செட்டித் தெரு, காஜியார் தெரு என்ற பெயர்களே அங்கே யார் குடியிருந்தார்கள் என்பதைச் சொல்லும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இந்தத் தெருக்களின் பதினெட்டாம் நூற்றாண்டு வாழ்க்கைக்கு ஆவணம். 1908 முதல் 1918 வரை பாரதியும், 1910இல் வந்து இறுதிவரை தங்கிய அரவிந்தரும், இங்கேயே பிறந்த பாரதிதாசனும் வாழ்ந்த வீடுகள் இதே சிறு வட்டத்துக்குள் இருக்கின்றன.

இவ்வளவும் ஓர் ஊரின் சில நூறு ஏக்கர் நிலத்தில் அடங்கியிருப்பதுதான் புதுச்சேரியின் செல்வம். அதன் ஆபத்தும் அதுவே. கூட்டம் முழுவதும் அந்தச் சிறு நிலத்தின்மீதே வந்து இறங்குகிறது.

ஆலை நகரம் சுற்றுலா நகரமான கதை

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் புதுச்சேரி தொழிலாளர் நகரம். சவானா என்று மக்கள் அழைத்த சுதேசி ஆலையும், 1898இல் தொடங்கிய ரோடியர் ஆலையும், பாரதி ஆலையும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு நடத்திய துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு பேர் உயிரிழந்தார்கள். வ. சுப்பையா வழிநடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக எட்டு மணி நேர வேலை உரிமை கிடைத்தது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தபோது மாறியது கொடி. ஊரின் பிழைப்பு பஞ்சும் தறியுமாகவே நீடித்தது.

அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக நலிந்தன. ரோடியர் ஆலையின் தொடர்ச்சியான ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. ஆலைகளின் இடத்தைப் புறநகர்த் தொழிற்சாலைகளும் மருத்துவக் கல்லூரிகளும் ஓரளவு நிரப்பின. நகரின் உள்ளே அந்த வெற்றிடத்தை நிரப்பியது சுற்றுலா. 1968இல் பக்கத்தில் உருவான ஆரோவில் வெளிநாட்டவரை ஈர்த்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை திறந்தபின் சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்தில் வந்துவிட முடிந்தது. பெங்களூரின் மென்பொருள் ஊழியர்களுக்கு இது வார இறுதி ஊரானது. குறைந்த வரியால் மலிவாகக் கிடைத்த மதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மக்கள்தொகையும் கூடியது. ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகை 2001இல் 9.74 லட்சம், 2011இல் 12.48 லட்சம். பத்தே ஆண்டுகளில் 28 சதவீத உயர்வு. 2011 கணக்கின்படி புதுச்சேரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். பழைய நகரைக் கொண்ட புதுச்சேரி நகராட்சியில் இருந்தவர்கள் 2.44 லட்சம் பேர்; ரெட்டியார்பாளையம், லாஸ்பேட்டை பகுதிகளைக் கொண்ட உழவர்கரை நகராட்சியிலோ சுமார் 3 லட்சம் பேர். ஊர் மேற்கே நகர்ந்துவிட்டது. பழைய நகரில் குடியிருப்பு குறைந்து கடையும் விடுதியும் பெருகியதற்கு இந்த நகர்வும் பின்புலம்.

வீடுகள்: யார் காப்பது, எதைக்கொண்டு காப்பது?

ஐரோப்பியர் பகுதி வீட்டுக்கு உயர்ந்த மதிலும் வளைவு வாசலும் உள்ளே தோட்டமும் தூண்வரிசையும் இருக்கும். தமிழர் வீடோ தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். ஓட்டுச் சரிவின்கீழ் வழிப்போக்கருக்கும் நிழல் தரும் தாழ்வாரம், திண்ணை, செதுக்கிய கதவு, முற்றம் என்பது அதன் வரிசை. இரண்டு மரபும் ஒன்றிலிருந்து ஒன்று கற்றன. கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சுத் தூண்களோடும் அமைந்த வீடுகள் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதவை. பூசியது சுண்ணாம்புச் சாந்து. கூரை, தேக்கு உத்திரத்தின் மேல் சிறு செங்கற்களை அடுக்கிய மெட்ராஸ் டெரஸ்.

கலை, பண்பாட்டு மரபுகளுக்கான இந்திய தேசிய அறக்கட்டளையான இன்டாக் 1990களில் கணக்கெடுத்தபோது சுமார் 1,800 மரபுக் கட்டடங்கள் இருந்தன. அடுத்த சில ஆண்டுகளிலேயே அது 1,200 அளவுக்கு இறங்கியது. இழப்பின் பெரும்பகுதி தமிழர் பகுதியில் நேர்ந்தது. சுற்றுலாச் சுவரொட்டிகளில் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் இடம்பெற்றன. திண்ணை வீடுகளுக்கு அந்தப் புகழும் கிடைக்கவில்லை, பணமும் கிடைக்கவில்லை.

வீடுகள் ஏன் இடிகின்றன என்று கேட்டால் பேராசைதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மைக் காரணங்கள் வேறு. நான்கைந்து வாரிசுகளுக்கு ஒரு முற்றத்து வீட்டைப் பிரிக்க முடியாது. அதையே இடித்து அடுக்குமாடி கட்டினால் ஆளுக்கொரு வீடு கிடைக்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள். உத்திரம் உளுத்தால் மாற்றும் செலவு ஒரு நடுத்தரக் குடும்பத்தால் தாங்க முடியாதது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பாரீசிலும் பிற நகரங்களிலும் வாழும் வாரிசுகள் கையெழுத்திட வராததால் பூட்டியே கிடந்து பாழாகும் வீடுகளும் உண்டு. அடுத்த மனையில் மூன்று மாடி எழும்பும்போது இந்தப் பக்கச் சுவரில் விரிசல் விழுகிறது. இடிப்பதற்கு இத்தனை காரணம் இருக்கும்போது காப்பதற்கு வீட்டுக்காரருக்குக் கிடைப்பது பாராட்டு மட்டும்தான்.

மாற்றுவழியும் இந்த ஊரிலேயே காட்டப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ் சூர் லோ ஆகிய நகரங்களுடன் கூட்டாக, வைசியாள் வீதியின் முகப்புகள் 2000களின் தொடக்கத்தில் சீரமைக்கப்பட்டன. ஒற்றை மாளிகையை மட்டும் மெருகேற்றாமல் ஒரு தெருவை முழுதாக எடுத்துக்கொண்டதும், வீட்டுக்காரர்களையும் பங்காளிகளாக்கியதும் அதன் சிறப்பு. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. விருது வந்தது, அதே முறையில் அடுத்தடுத்த தெருக்களைச் சீரமைக்கும் தொடர்நிதி வரவில்லை.

மாறாக, காக்கும் வேலை சந்தையின் கைக்குப் போனது. பழைய மாளிகையைச் செப்பனிட்டு விடுதியாக்கினால் லாபம் வரும் என்பது 2000 வாக்கிலேயே ரோமேன் ரோலண்ட் வீதியில் நிரூபணமானது. அதற்குப் பிறகு பல கட்டடங்கள் அப்படித்தான் பிழைத்தன. அந்த முதலீடு வராதிருந்தால் அவற்றில் சில இன்று இருக்காது. இந்த நன்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீடு விடுதியாகும்போது சுவர் பிழைக்கிறது, குடும்பம் வெளியேறுகிறது. தெருவில் நாலு வீடு விடுதியானதும் வாடகை ஏறி மளிகைக் கடை உடுப்புக்கடையாகிறது. பள்ளிப் பிள்ளைகள் குறைகிறார்கள். குடியிருப்போர் போன தெரு வெறும் காட்சிக்கூடம். இதற்கு வரம்பு வகுக்கும் பொறுப்பைச் சந்தை ஏற்காது. அது அரசின் பொறுப்பு.

மணல்: இழந்த கடற்கரை, பாதி மீண்ட கடற்கரை

கடலோர நகரில் கட்டடத்தை மட்டும் மரபு என்று எண்ணுவது பிழை. மணலும் மரபுதான். 1980களுக்கு முன்பு புதுச்சேரியின் முன்னே அகன்ற மணற்பரப்பு இருந்தது, கட்டுமரங்கள் அதில் ஏறி நின்றன, கரைவலை இழுத்தார்கள்.

1986 முதல் 1989 வரை அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டப்பட்டு இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் சில மாதங்களில் மட்டும் திசை மாறும். கூட்டிக் கழித்தால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கடல் கரையைத் தின்றது. தேங்கும் மணலை உறிஞ்சி வடபுறம் கொட்டும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக இயக்கப்படவில்லை. சில ஆண்டுகளில் நகரின் முன்னிருந்த மணல் மறைந்து, கருங்கல் குவியல்தான் கடற்கரை என்றானது.

அடி முதலில் விழுந்தது மீனவர்கள்மீது. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், சோலை நகர் மக்கள் படகு ஏற்ற இடமின்றித் தவித்தார்கள். வலை உலர்த்த இடமில்லை. வீடுகளின் வாசலுக்கே அலை வந்தது. கல் கொட்டிக் கரையைக் காத்தபோது அரிப்பு அந்தக் கல் முடியும் இடத்துக்கு நகர்ந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஊர் ஊராக வடக்கே போனது. ஒவ்வொரு ஊரும் தன் பங்குக்குத் தூண்டில் வளைவும் கல்லும் கேட்பது நியாயமே. ஒவ்வொரு கல்லும் அடுத்த ஊரின் கரையை அரிப்புக்குக் கொடுக்கிறது என்பதும் உண்மை.

2006இல் பெரிய ஆழ்கடல் துறைமுகம் ஒன்றைத் தனியார் முதலீட்டில் கட்டும் ஒப்பந்தம் வந்தது. மீனவர்களும் குடிமக்கள் அமைப்புகளும் எதிர்த்தார்கள். பாண்டிகேன் என்ற குடிமக்கள் அமைப்பு கடலரிப்பின் அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து, சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு மாற்றை வடிவமைத்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்குள் எஃகினாலான ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்று 2018இல் இறக்கப்பட்டது. துறைமுகத்தில் தூர்வாரிய மணலும் கரையில் கொட்டப்பட்டது. சில மாதங்களில் மணல் திரும்பியது. ஒரு தலைமுறை பார்த்திராத கடற்கரையில் பிள்ளைகள் விளையாடினார்கள். இந்தியக் கடற்கரைப் பொறியியலில் இது பாராட்டத்தக்க நிகழ்வு.

ஆனாலும் மீண்டது சிறு துண்டு. மணல் ஓட்டம் மறிக்கப்பட்டிருக்கும் வரையில் தூர்வாரி வடக்கே கொட்டுவதை ஆண்டுதோறும் செய்தாக வேண்டும். ஒரு முறை செய்து விழா எடுத்தால் போதாது. 2022 மார்ச்சில் பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி கடலில் சரிந்தது, பராமரிப்பில்லாத கரைக் கட்டுமானம் எதுவும் நிலைக்காது என்பதற்கு அண்மைச் சான்று.

நீர்: நிலத்தடியில் குறைவு, தெருவில் வெள்ளம்

பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவுச்சின்னம். கடலோரத்தில் இருக்கும் ஊர் குடிநீருக்கு மேற்கே பார்த்தாக வேண்டும் என்பது அன்றே தெரிந்திருந்தது. இன்றும் புதுச்சேரி குடிநீருக்குப் பெரிதும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. கடலை ஒட்டிய ஆழ்துளைக் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்ததால் உப்புநீர் உட்புகுந்துவிட்டது. சுற்றுலா விடுதி ஒன்றில் தங்குபவர் ஒரு நாளில் செலவிடும் நீர், குருசுக்குப்பத்தில் குடத்தோடு குழாயடியில் நிற்பவருக்குக் கிடைப்பதைவிடப் பன்மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வு நீர்க் கட்டணத்தில் பிரதிபலிக்க வேண்டும்.

புதுச்சேரிப் பகுதிக்கு 84 ஏரிகள் உண்டு. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் அவற்றில் பெரியவை. 1999 முதல் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் நடந்த ஏரிப் புனரமைப்புத் திட்டம் இவற்றைத் தூர்வாரி, விவசாயிகளின் ஏரிச் சங்கங்களுக்கும் உயிரூட்டியது. நிலத்தடி நீரை நிரப்பும் இந்த ஏரிகளும் அவற்றின் வாய்க்கால்களும் ஊர் மேற்கே பரவப் பரவ மனைகளாலும் கழிவுநீராலும் நெருக்கப்படுகின்றன.

பற்றாக்குறை ஒரு பக்கம் என்றால் வெள்ளம் மறுபக்கம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் மூழ்கின. மக்களை மீட்க ராணுவம் வந்தது. தாழ்வான நிலத்தில் எழுந்த குடியிருப்புகள் இவை. மழைநீர் போக வேண்டிய பெரிய வாய்க்காலும் உப்பாறு வாய்க்காலும் கழிவும் குப்பையும் அடைந்து கிடந்தால் நீர் எங்கே போகும்? அதே நாட்களில் தமிழ்நாட்டின் வீடூர் அணையிலிருந்து திறந்த நீர் சங்கராபரணி வழியே வந்து புதுச்சேரிக் கிராமங்களைச் சூழ்ந்தது. வெள்ளத்துக்கும் மணலுக்கும் மாநில எல்லை கிடையாது. தமிழ்நாட்டுக் கிராமங்களோடு பின்னிப் பிணைந்து, துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் ஒன்றியப் பிரதேசம் தனியாகப் போடும் எந்தத் திட்டமும் பாதித் திட்டமே.

தெருவும் சந்தையும்

புல்வாருக்குள்ளிருக்கும் தெருக்கள் நடப்பதற்கும் மாட்டுவண்டிக்கும் ரிக்‌ஷாவுக்கும் வகுக்கப்பட்டவை. சனிக்கிழமை காலை சென்னை, பெங்களூர் எண்கொண்ட கார்கள் அவற்றை நிரப்புகின்றன. திங்கள் முதல் வெள்ளி வரை ஓரளவு மூச்சுவிடும் நகரம், வார இறுதியிலும் புத்தாண்டிலும் திணறுகிறது. குப்பை அள்ளவும் தண்ணீர் விடவும் போலீஸ் நிறுத்தவும் நகரம் உச்சக் கூட்டத்துக்கு ஏற்பத் தயாராக இருக்க வேண்டும். வருமானமோ இரண்டு நாளுக்குத்தான் வருகிறது. சுற்றுலாவின் கணக்கில் இந்தச் செலவை யாரும் எழுதுவதில்லை.

ஒரு நல்ல முன்மாதிரி கண்ணெதிரே இருக்கிறது. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரை வாகனங்கள் அனுமதிக்கப்படுவதில்லை. காந்தி சிலையின் முன்பு மாலையில் ஊர் மக்களும் வெளியூராரும் கலந்து நடக்கிறார்கள். வாகனம் விலகினால் வியாபாரம் கெடும் என்ற பயம் பொய் என்று அந்தச் சாலை தினமும் நிரூபிக்கிறது. அதை ஏன் உள் வீதிகளுக்கும் நீட்டக் கூடாது?

பெரிய மார்க்கெட் மறுகட்டுமானச் சிக்கலையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017இல் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தேர்வானபின் இந்தச் சந்தையை இடித்துக் கட்டும் யோசனை முன்னேறியது. கடைகள் பழுதடைந்திருப்பதும் தீ ஆபத்து இருப்பதும் உண்மை. மீன்காரிகளும் பூக்காரர்களும் காய்கறி வியாபாரிகளும் அஞ்சுவதற்கும் காரணமுண்டு. இடம் மாறினால் வாடிக்கை போகும். புதிய கட்டடத்தின் வாடகை அவர்களை வெளியே தள்ளும். பகுதி பகுதியாகச் சீரமைப்பது, பழைய கடைக்காரருக்கு அதே இடத்தை எழுத்தில் உறுதி செய்வது என்ற இரண்டையும் ஏற்றுக்கொண்டால்தான் அந்தத் திட்டம் நியாயமாகும்.

பிற நகரங்கள் சொல்வது

புதுச்சேரி செல்லும் பாதையில் முன்னே போன நகரங்கள் உண்டு. வெனிஸின் பழைய தீவு நகரில் 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அது 50,000க்கும் கீழே போனது. 2024 ஏப்ரலில் பகல்நேரப் பயணிகளிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். மக்கள் போனபின் போட்ட கட்டணம் மக்களைத் திருப்பிக் கொண்டுவராது.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நமக்கு இன்னும் நெருக்கமானது. சூலியா வீதியும் மகாமாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் தமிழர் வாழ்வின் சுவடுகள். அங்கே பழைய கடைவீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு விலக்கப்பட்டது. வாடகை எகிறி, தலைமுறைகளாகக் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுத் தகுதி கிடைத்ததும் விடுதிகளும் உணவகங்களும் அந்த இடங்களைப் பிடித்தன. 1988இலேயே உலக மரபுத் தலமான இலங்கையின் காலிக் கோட்டையிலும் டச்சுக் கால வீடுகள் வெளிநாட்டவர் கைக்கும் விடுதிகளுக்கும் போய், உள்ளூர்க் குடும்பங்கள் சுருங்கின.

மூன்று நகரங்களிலும் கட்டடம் பிழைத்தது, குடிமக்கள் குறைந்தார்கள். கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தால் மட்டும் ஒரு நகரைக் காக்க முடியாது. குடியிருப்புக்கும் பாதுகாப்பு வேண்டும். புதுச்சேரியில் தமிழர் பகுதியில் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. திண்ணையில் இன்னும் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தலையிடுவதற்கு நேரம் இருக்கிறது.

யார் தீர்மானிப்பது?

1880 ஆணையின்படி பிரெஞ்சு ஆட்சியிலேயே நகராட்சி அமைப்பைப் பெற்ற ஊர் இது. விடுதலைக்குப் பின் இங்கே நகராட்சித் தேர்தல் நடந்தது 1968இல். அதற்கடுத்து நடந்தது 2006இல். 2011இல் அந்த உறுப்பினர்களின் காலம் முடிந்தபின் புதிய மன்றம் அமையவில்லை. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நின்றுபோனது. நகராட்சிக்கு மாளிகை கட்டிக் கொடுத்தோம். அதில் அமர மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இல்லை. எந்தத் தெருவில் எத்தனை விடுதி, எங்கே வாகனம் நிறுத்துவது, சந்தையை எப்படிக் கட்டுவது என்பவை வார்டு மக்கள் பேசி முடிவெடுக்க வேண்டியவை. பேச மன்றமே இல்லாத நகரில் அவை அதிகாரிகளின் கோப்பிலும் நீதிமன்ற வழக்கிலும் தீர்மானமாகின்றன. மேலே கண்ட குறைகள் எல்லாம் தொடர்வதற்கு மிகப் பெரிய காரணம் இதுவே.

செய்ய வேண்டியவை

முதலாவது, உள்ளாட்சித் தேர்தல். இரண்டாவது, விடுதி அறைகள்மீது சிறு மரபு வரி விதித்து, அந்தப் பணத்தை வேறெதற்கும் திருப்பாமல், தமிழர் பகுதி வீடுகளைப் பழுதுபார்க்க வீட்டுக்காரருக்கு மானியமாகத் தர வேண்டும். குடியிருக்கும் மரபு வீட்டுக்குச் சொத்துவரி விலக்கு வேண்டும். சுண்ணாம்புக் கொத்தனார்களை உருவாக்கும் பயிற்சிப் பட்டறை வேண்டும். மூன்றாவது, புல்வாருக்குள் ஒவ்வொரு தெருவிலும் விடுதி உரிமங்களுக்கு உச்சவரம்பு. நான்காவது, மணலை வடக்கே மாற்றும் பணிக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கி, புதுச்சேரியும் தமிழ்நாடும் சேர்ந்த ஒரே கடற்கரை மேலாண்மை அமைப்பிடம் ஒப்படைப்பது. ஐந்தாவது, பெரிய விடுதிகளுக்கு அளவுமானியும் ஏறுவரிசைக் கட்டணமும். ஏரிகளுக்கும் வாய்க்கால்களுக்கும் எல்லைக்கல். ஆறாவது, வெளியூர் வாகனங்களைப் புல்வாருக்கு வெளியே நிறுத்தி, சிறு மின்பேருந்துகளில் உள்ளே அழைத்து வருவது.

இவற்றில் எதுவும் சுற்றுலாவுக்கு எதிரானதில்லை. ஆலைகள் மூடிய ஊரில் சுற்றுலா பல குடும்பங்களின் அடுப்பை எரிக்கிறது. ஆட்டோ ஓட்டுநர், சமையல்காரர், கைவினைஞர், வீட்டில் இரண்டு அறை வாடகைக்கு விடும் முதியவர் என எல்லோருக்கும் அதில் பங்குண்டு. அந்தப் பிழைப்பு அடுத்த தலைமுறைக்கும் நிலைக்க வேண்டுமானால் இந்த வரம்புகள் தேவை.

புதுச்சேரியின் வளர்ச்சியை அளக்க, வந்துபோனவர்களின் எண்ணிக்கையை இனி முதலில் கேட்க வேண்டாம். பழைய நகரில் இந்த ஆண்டு எத்தனை குடும்பங்கள் தொடர்ந்து வாழ்கின்றன, எத்தனை திண்ணை வீடுகள் பழுதுபார்க்கப்பட்டன, குருசுக்குப்பத்தில் எத்தனை படகுகளால் தம் கரையிலேயே ஏற முடிகிறது, கிணற்றில் உப்பு கூடியதா குறைந்ததா என்று ஆண்டுதோறும் அரசு கணக்கு வெளியிட வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்பது புதுச்சேரி மக்களின் உரிமை. அங்கே விருந்தினராகப் போகும் தமிழ்நாட்டு மக்களும் அதற்குக் குரல் கொடுக்க வேண்டும்.